கோவிந்தப்பன் நிறுத்திய பம்பர்

ஓசூர் பாகலூர் ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. அவன் வைத்த வெல்டிங் வெல்டிங்கே இல்லை, இவன் அடித்த பெயின்ட் ஒரு மழைக்குத் தாங்காது என்று ஆளுக்கொரு புகார் எப்போதும் தயாராக இருக்கும். அப்பேர்ப்பட்ட இடத்தில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பம்பர் என்றால் கோவிந்தப்பன்தான். அவர் நிறுத்திய பம்பரில் அளவு டேப் வைத்துப் பார்க்கிறவனைக் கிறுக்கன் என்றே டீக்கடையில் பேசிக்கொள்வார்கள்.

சொந்த ஊர் பாகலூர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், பட்டறையில் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். இருபது வயதில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த ஆளாகச் சேர்ந்து, ஆறு வருடம் ஒரே மாதிரித் தகட்டை ஒரே மாதிரி அழுத்திக்கொண்டிருந்தார். இந்த வருடம் நிரந்தரம், அடுத்த வருடம் நிரந்தரம் என்று இழுத்தடித்துக் கடைசியில் வெளியே போகச் சொன்னார்கள். அன்றைக்கு எடுத்த டிங்கர் சுத்தியல், ஐம்பத்து நான்கு வயதாகியும் கையை விட்டு இறங்கவில்லை. சொந்த வீட்டு வாசற்கதவு பத்து வருடமாகத் தரையில் உரசித்தான் மூடுகிறது. அதை நிமிர்த்தச் சொல்லிச் சொல்லி அவர் மனைவி சரோஜம்மாள் வாய் வலித்து விட்டுவிட்டாள். ஆனால் ஊர் பேர் தெரியாத ஒருவனுடைய லாரியில் பம்பர் ஒரு நூல் சாய்ந்திருந்தால் மனிதருக்குச் சோறு இறங்காது.

அவர் வேலை செய்யும் விதம் எளிமையானது. பம்பரை மாட்டிவிட்டுப் பத்தடி பின்னால் போவார். இடது கண்ணை மூடிக்கொள்வார். கேபினின் அடி விளிம்பையும் பம்பரின் மேல் விளிம்பையும் சேர்த்துப் பார்ப்பார். இரண்டும் ஒட்டி ஓடினால் நேர். ஓடாவிட்டால் பம்பருக்குப் பின்னால் ஒரு தகட்டைப் பேக்கிங்காகக் கொடுத்து முடுக்குவார். அந்தக் கண்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பேர் வந்த பிறகு அந்தக் கண்ணை அவரே சந்தேகப்படுவதை விட்டுவிட்டார். கெட்டது அங்கேதான் ஆரம்பித்தது.

போன ஆடி மாதம் ஒரு காலை நேரத்தில் கிரேன் ஒன்று பழைய லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தது. முன்பக்கம் நசுங்கி, பம்பர் பாதி கழன்று தொங்கியது. பின்னாலேயே ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை.

"அண்ணா, நான் சாமல்பட்டி மாதேஸ்வரன் வூட்டுக்காரிங்க. மணிமேகலை" என்றாள்.

கோவிந்தப்பனுக்கு வண்டியும் தெரியும், மாதேஸ்வரனையும் தெரியும். சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து, தானே ஓட்டிக்கொண்டிருந்தவன். எட்டு மாதத்துக்கு முன்னால், ஓசூரில் சரக்கை இறக்கிவிட்டு ஊருக்குத் திரும்பும்போது, சூளகிரி தாண்டி ஓர் இறக்கத்தில், விடியற்காலை ஆறு மணிக்கு, ரோட்டின் இடது ஓரத்தில் நின்ற கம்பெனி வேன் மேல் மோதினான். வேனில் ஏற நின்றிருந்த இரண்டு பெண்கள் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். இவனும் போய்விட்டான். டிரைவர் தூங்கிவிட்டான் என்று போலீஸ் எழுதியது. செய்தி டீக்கடைக்கு வந்தபோது, "பாவம், அசந்துட்டான்" என்று கோவிந்தப்பனும் சொல்லி, டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

"ஆனேக்கல் ஆளு ஒருத்தரு வண்டிய வாங்கிக்கறேன்னு சொல்றாருங்க. முன்பக்கம் நேரா நிக்கணுமாம். பம்பர நிமித்தி மாட்டிக் குடுத்துடுங்க. எங்க ஊருப் பக்கம் மட்டும் இது திரும்பி வரக் கூடாது."

"நாலு நாள்ல முடிச்சுடலாம்மா."

அவள் போகவில்லை. நசுங்கிய கேபினை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒன்னு கேக்கலாங்களாண்ணா? நீங்க இரும்புலயே பொழங்கறவரு. இந்த வண்டி உங்க கைக்குத்தான் வரும்னு அவரு சொல்லுவாரு. பாத்தா தெரியுங்களா, அவரு தூங்குனாரா இல்லையான்னு?"

ஓட்டியவன் செத்துப்போன வண்டி உள்ளே வந்தால், ஒரு பூசணிக்காயை உடைத்துக் கற்பூரம் காட்டிய பிறகுதான் அந்த ரோட்டுப் பட்டறைகளில் வண்டி மேல் கை வைப்பார்கள். எதில் மோதியது, எப்படி மோதியது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் வேலை ஓடாது. இவளோ கற்பூரம் எரியும்போதே கேட்டுவிட்டாள்.

"இரும்புக்கு என்னாம்மா தெரியும்" என்றார் கோவிந்தப்பன்.

"அஞ்சு அம்பதுக்கு எனக்குப் போன் பண்ணாருங்க. சூளகிரில டீ குடிச்சேன், எட்டரைக்கு வூட்ல இருப்பேன்னாரு. பத்து நிமிஷத்துல எப்பிடிங்க தூக்கம் வரும்? போலீசுல சொன்னேன். போன் பேசுனதெல்லாம் ஒரு சாட்சியாம்மான்னு அனுப்பிட்டாங்க." அவள் குரல் உயரவில்லை. பல பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல் அது. "எம் பொண்ணு மோகனப்ரியா ஒம்பதாவது படிக்குது. பரிட்சை நோட்டு அட்டையில எவளோ 'கொலகாரன் மவ'ன்னு எழுதி வச்சுட்டா. அன்னியிலருந்து பள்ளிக்கூடம் போவல. செத்துப்போன பொண்ணுங்கள்ல ஒண்ணு சுப்ரியான்னு, ஊத்தங்கரை பக்கம். இங்க ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போயிட்டிருந்துச்சு. அவங்கம்மா மாசாமாசம் அதே தேதிக்கு பஸ் ஏறி எங்க தெருவுக்கு வர்றாங்க. வையறதுகூட இல்லீங்க. வூட்டுக்கு எதுத்தாப்புல வந்து நிக்கறாங்க, கொஞ்ச நேரம் பாக்கறாங்க, போயிடறாங்க."

கோவிந்தப்பன் கேபினுக்குள் கிடந்ததை எடுத்துக் கொடுத்தார். ஒற்றைச் செருப்பு, ஒரு துண்டு, கண்ணாடி உடைந்த ஒரு சாமி படம். அவள் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அவருக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே ஓடியது. பம்பரைக் கழற்றிப் போட்டு, தீ காட்டி, அடித்து, இரண்டே நாளில் நிமிர்த்திவிட்டார்.

மூன்றாவது நாள் அதைச் சங்கிலியில் தூக்கி மாட்டும்போதுதான் கை நின்றது.

வலது பக்கம் போல்ட் ஏறிவிட்டது. இடது பக்கம் ஏறவில்லை. பேக்கிங் கொடுக்கலாம் என்று பின்னால் கையை விட்டால், அங்கே ஏற்கெனவே இரண்டு தகடுகள் இருந்தன. மேலே சாம்பல் நிற அடிப்பூச்சு. அந்த நிறத்தை அந்த ரோட்டில் அவர் ஒருவர்தான் கலப்பார். தகடுகள் அவர் வெட்டியவை.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் நடந்தது நினைவுக்கு வந்தது. பாகலூர் பக்கம் ஒரு பாலத்துச் சுவரில் இடது மூலையை இடித்துக்கொண்டு மாதேஸ்வரன் வந்திருந்தான். மறுநாள் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். "பம்பர் நேரா இருந்தா போதுங்கண்ணா, பிரேக் இன்ஸ்பெக்டரு மொதல்ல அதத்தான் பாப்பாரு" என்று அவசரப்படுத்தினான். கோவிந்தப்பன் கேபினோடு சேர்த்துப் பார்த்து, இரண்டு தகடு கொடுத்து, பம்பரைக் கண்ணுக்கு அழகாக நிறுத்தினார். அப்போது கேபினுக்குப் பின்னால், சேசிஸில் ஓரிடத்தில் விரல் தட்டியது. லாரியின் மொத்தப் பாரத்தையும் தாங்கி முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும் இரண்டு நீளச் சட்டங்கள்தான் சேசிஸ். அதில் இடது சட்டத்தில் ஒரு மடிப்பு. தொட்டதுமே அவருக்குத் தெரியும். தெரியாது என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அந்த விரலிடம் சொல்ல முடியாது. அதை நிமிர்த்துவதென்றால் கேபினைத் தூக்க வேண்டும், பாடியை இறக்க வேண்டும், பத்து நாள் வேலை. அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அதன் மேலேயே சாம்பல் பூச்சை அடித்து விட்டார். மாதேஸ்வரனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த முறையும் அவன் வந்தான். அதுதான் இப்போது நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. போன வருடம், டீக்கடைக்கு முன்னால், நாலு பேர் இருக்கும்போது கேட்டான்.

"அண்ணா, வண்டி இடது பக்கமா இழுக்குதுங்க. பிரேக் அடிச்சா இன்னும் ஜாஸ்தி இழுக்குது."

"ரோட்டையே சாய்வாத்தான் போட்டிருக்கான். டயர மாத்திப் பாருப்பா. நான் நிறுத்துன வண்டி எப்பிடி இழுக்கும்?"

நாலு பேரும் சிரித்தார்கள். கோவிந்தப்பனும் சிரித்தார். மாதேஸ்வரன் அசடு வழிந்துகொண்டு போய்விட்டான்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கேபினில் ஏறி டிரைவர் சீட்டுப் பக்கம் பார்த்தார். ஸ்டியரிங் வளையத்தில் ஓரிடத்தில் சிவப்புக் கயிறு சுற்றியிருந்தது. வண்டி நேராக ஓடும்போது வளையத்தில் எது உச்சியில் வருமோ அந்த இடத்தில் டிரைவர்கள் இப்படி ஓர் அடையாளம் சுற்றிக்கொள்வார்கள். இந்தக் கயிறு வளையத்தின் நடுவிலிருந்து இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி இருந்தது. ஸ்டியரிங்கை அத்தனை தூரம் வலப்பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் இந்த வண்டி நேராக ஓடியிருக்கிறது. மாதக்கணக்கில் அந்த மனிதன் அப்படிப் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறான். இழுக்குது என்று ஒருமுறை சொல்லி, சிரிப்பு வாங்கிக்கொண்டு போய், பிறகு கயிறு சுற்றிக்கொண்டிருக்கிறான். இன்னொன்றும் கண்ணில் பட்டது. வளையத்தின் வலது பாதி கீழ்நோக்கி வளைந்திருந்தது. நெஞ்சு மோதினால் வளையம் முன்னால் வளையும், இப்படி வளையாது. இது கை இழுத்த இழுப்பு.

கீழே இறங்கி, இருபது வருடமாகச் செய்யாத வேலையைச் செய்தார். நூல் உருண்டையை எடுத்து, சேசிஸின் முன் வலது மூலையிலிருந்து பின் இடது மூலைக்கும், முன் இடதிலிருந்து பின் வலதுக்கும் குறுக்காகக் கட்டி அளந்தார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு விரல் வித்தியாசம் இருந்தது. மோதியதால் வந்த வித்தியாசமாகவும் இருக்கலாமே என்று மனது ஓர் ஓட்டையைத் தேடியது. மடிப்பைச் சுரண்டிப் பார்த்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் மடிந்திருந்தால் பெயின்ட் உடைந்து உதிர்ந்திருக்கும். இந்த மடிப்பின் உள்ளேயே அவருடைய சாம்பல் பூச்சு ஈரமாய் இறங்கிக் காய்ந்திருந்தது. மடிப்பு முந்தியது, பூச்சு பிந்தியது. ஓட்டை அடைபட்டுவிட்டது.

சேசிஸ் திரும்பியதில் கேபினும் சேர்ந்து திரும்பியிருக்கிறது. திரும்பிய கேபினைப் பார்த்து அவர் பம்பரை நிறுத்தியிருக்கிறார். கேபினுக்கு நேர், பின் சக்கரங்களுக்குக் கோணல். ஆனால் கோணல் பம்பர் மட்டும் ஒரு வண்டியை இழுக்காதே. அப்படியானால் முன் சக்கரங்களைத் தாங்கும் அச்சும் கோணலாக இருக்க வேண்டும். அதை மாட்டியது யார்?

பக்கத்துப் பட்டறை சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாக ஸ்பிரிங்கும் அச்சும் மாட்டும் வேலை பார்ப்பவர். கூப்பிட்டதும் வந்தார்.

"சுடல, இந்த வண்டிக்கு முன் ஸ்பிரிங் நீதானே போட்டே? அச்ச எத வச்சு நேர் பாத்தே?"

"எத வச்சுப் பாப்பேன்? ஒங்க பம்பர வச்சுத்தான் அண்ணாச்சி. கீழ மண்ணு தர, தூக்குக்குண்டு விட்டுத் தரையில கோடு போட்டுப் பாக்க வழி ஏது? பம்பர்ல இருந்து அச்சுக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவு வச்சு முடுக்குதேன். கோவிந்தப்பன் பம்பர்னா நாங்க எல்லாரும் அப்படித்தான் பாக்கோம்."

சொல்லி முடித்ததும் நூல் கட்டியிருப்பதைப் பார்த்தார். சுரண்டிய இடத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, சோலி முடிஞ்சுது. யாருக்கும் தெரியாது. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாத்து, பிரேக்கு சரி, ஸ்டியரிங் சரின்னு எழுதியாச்சு. சேசிஸ் வளஞ்சது மோதுனதுல வளஞ்சதுன்னு அவுகளே முடிவு பண்ணிட்டாக. அந்தத் தகட்ட உருவிப் போட்டுட்டு, பம்பர மாட்டி அனுப்பிருங்க. ஆனேக்கல் போயிட்டா அப்பறம் யாரு தேடப் போறா?"

"அந்தப் பொண்ணு வந்து கேக்குது, சுடல."

"கேக்கட்டும். செத்தவுக திரும்பியா வரப் போறாக? எனக்கும் ரெண்டு பிள்ளைய இருக்கு. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்." நிஜமாகவே கும்பிட்டார்.

சுடலைமுத்து சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் கொடுமை. தகடுகளை உருவி பழைய இரும்புக் குவியலில் வீசினால் அவை வெறும் இரண்டு தகடுகள். மடிப்பின் மேல் ஒரு தீ காட்டினால் பெயின்ட் எரிந்துபோகும். கோவிந்தப்பன் கேஸ் கட்டரை எடுத்துப் பற்றவும் வைத்தார். நீலச் சுடர் சீறிக்கொண்டிருந்தது. மூன்று உயிர். பாகலூர் ரோட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தன் பேர். வாசலுக்கு எதிரே வந்து வெறுமனே நின்றுவிட்டுப் போகிற ஒரு தாய். அவருக்குப் பயமாக இருந்தது. ஜெயிலை நினைத்துப் பயம், டீக்கடையை நினைத்து அதைவிடப் பயம். "அய்யோ தேவுடா" என்று சொல்லிக்கொண்டே வால்வை மூடினார்.

மணிமேகலை நாலாவது நாள் மதியம் வந்தாள். பம்பர் ஒற்றைப் போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் முடியலீங்களா?"

"உக்காரும்மா."

அவள் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்தாள். கோவிந்தப்பன் நின்றபடியே சொன்னார். பாலத்துச் சுவரில் இடித்தது, விரலில் தட்டிய மடிப்பு, மேலே அடித்த பூச்சு, பம்பரை நம்பி மாட்டிய அச்சு, டீக்கடையில் சிரித்த சிரிப்பு, எதையும் விடவில்லை. கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய் மடிப்பைக் காட்டினார். கேபினில் ஏறச் சொல்லிச் சிவப்புக் கயிற்றைக் காட்டினார்.

"உங்க வூட்டுக்காரரு தூங்கலம்மா. எறக்கத்துல பிரேக் அடிச்சிருக்காரு. வண்டி இடது பக்கம் புடுங்கிட்டுப் போயிருக்குது. குத்தம் அவரு மேல இல்ல. எம் மேல."

அவள் கத்துவாள் என்று நினைத்தார். மண்ணை வாரித் தூற்றுவாள், அடிப்பாள் என்றும்கூட நினைத்துத் தயாராக நின்றார். அவள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வலது பாதியில் வளைந்திருந்த இடத்தைத் தொட்டாள்.

"இது ஏன் வளஞ்சிருக்குது?"

கோவிந்தப்பன் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"வலது பக்கம் திருப்பப் பாத்திருக்காரும்மா. ரெண்டு கையாலயும் இழுத்திருக்காரு."

"அப்பிடின்னா அந்தப் பொண்ணுங்கள பாத்திருக்காரு."

"ஆமாம்மா. பாத்திருக்காரு."

ரோட்டில் ஒரு டிரெய்லர் போனது. மணிமேகலை கேபினிலிருந்து இறங்கவில்லை. வளைந்த இடத்தைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை.

"எல்லாரும் தூங்கிட்டாரு, தூங்கிட்டாருன்னு சொல்றப்ப எனக்கு ஆத்திரமா வரும்ணா. அத வேற யாருகிட்டயும் நான் சொன்னதில்ல, ஆனா உள்ளுக்குள்ள ஒன்னு வச்சிருந்தேன். ஒருவேள தூங்கித்தான் இருந்தாருன்னா, ஒன்னும் தெரியாம போயிருப்பாரு. பயம் தெரியாது, வலி தெரியாது. அத நெனச்சுத்தான் படுப்பேன்." அவள் முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். "அதையும் எடுத்துட்டீங்களேண்ணா."

கோவிந்தப்பன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இதை அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் தண்டனை தனக்கு மட்டும்தான் என்று இருந்தார்.

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு இறங்கினாள். ஒற்றைப் போல்ட்டில் தொங்கும் பம்பரைப் பார்த்தாள்.

"இத மாட்டாதீங்க. ஒன்னையும் தொடாதீங்க. இப்பிடியே இருக்கட்டும், வக்கீல் வந்து பாக்கட்டும்."

"சரிம்மா."

"நாளான்னிக்கி அந்தத் தேதி. சுப்ரியாவோட அம்மா பத்து மணி வாக்குல வருவாங்க. எங்க வூட்டு எதுத்தாப்புல நிப்பாங்க. எம் பொண்ணும் ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருப்பா. நீங்க வந்து இதெல்லாம் அவங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

"வரேம்மா."

"கயிற அறுத்துக் குடுங்க, நான் எடுத்துக்கறேன்" என்றவள், உடனே தலையை ஆட்டினாள். "வேண்டாம். அதுவும் இருக்கட்டும்."

அவள் போன பிறகு, மதிலுக்கு அந்தப் பக்கம் சுடலைமுத்துவின் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது கோவிந்தப்பனுக்கு உறைத்தது. சாக்பீஸை எடுத்து, மடிப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். தகடுகள் இரண்டின் மேலும் தன் பேரை எழுதினார். சுடலைமுத்துவின் பேரை எழுதவில்லை, அவர் தன்னை நம்பியதைத் தவிர வேறு தப்புச் செய்யவில்லை.

மணிமேகலை சொன்ன நாள் விடிகாலையில் சரோஜம்மாள் எழுந்து பார்த்தபோது மனிதர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கே என்று கேட்டாள். சாமல்பட்டி என்றார். கதவு வழக்கம்போலத் தரையில் உரசிக்கொண்டு திறந்தது. கிருஷ்ணகிரி பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது. சூளகிரி தாண்டி அந்த இறக்கம் வந்தபோது, ரோட்டோரத்தில் நாலைந்து பெண்கள் சாப்பாட்டுப் பையோடு கம்பெனி வேனுக்காக நின்றிருந்தார்கள். பஸ் அவர்களை ஒட்டிக்கொண்டு போனது. அன்றைக்கு மாதேஸ்வரனுக்கு அந்தப் பெண்களின் முகங்கள் எவ்வளவு பக்கத்தில் தெரிந்திருக்கும் என்று கோவிந்தப்பனுக்குப் புரிந்தது. இரண்டு கண்ணையும் மூடாமல் பார்த்துக்கொண்டே போனார்.